ரத்தத்துகிட்ட என்ன கேக்கறோம்

மார்ச் 24 டிபி (காசநோய்) தினத்துக்கு பெங்களூர் அல்சூர்ல ஒரு சின்ன ஹால்ல பேசினது இது. வர முடியாதவங்க நிறைய பேர் கேட்டாங்க, அதனால பேசின மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.

எல்லாருக்கும் வணக்கம். இந்த டிராஃபிக்ல கே.ஆர்.புரத்துல இருந்தும் பொம்மனஹள்ளியில இருந்தும் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நான் டாக்டர் இல்லீங்க, லேப் டெக்னீஷியன். இந்த ஊர்ல 26 வருஷமா ரத்தமும் சளியும் பாத்துட்டு இருக்கேன். என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு உண்டு, "அக்கா, டிபி இருக்கா இல்லையான்னு ஒரு பிளட் டெஸ்ட்ல பாத்துட முடியாதா?" சுகருக்கு இருக்கு, டெங்குவுக்கு இருக்கு, எச்ஐவிக்கு கூட இருக்கு, டிபிக்கு மட்டும் ஏன் காலங்காத்தால எழுந்து டப்பாவுல சளி துப்பச் சொல்றீங்கன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்விங்க. இன்னிக்கு நான் பேசப் போறது முழுக்க அந்தக் கேள்வியைப் பத்தி தான்.

1882 மார்ச் 24ம் தேதி பெர்லின்ல ராபர்ட் கோக் எழுந்து நின்னு, இந்த நோய்க்குக் காரணம் இந்தக் கிருமி தான்னு காட்டினாரு, அதனால தான் இந்தத் தேதி. அன்னியில இருந்து சளியைக் கண்ணாடியில தடவி, சாயம் ஏத்தி, மைக்ரோஸ்கோப்புல பாக்கறோம். நீல நிறத்துக்கு நடுவுல சின்னச் சின்ன சிவப்புக் குச்சியா தெரியும். ஒரு தடவை பாத்துட்டா மறக்காது. ஆனா ஒரு மில்லி சளியில 5,000ல இருந்து 10,000 கிருமியாவது இருந்தா தான் கண்ணுக்கு மாட்டும், அதுக்குக் கம்மியா இருக்கறவங்களுக்கு "நெகட்டிவ்"னு எழுதி அனுப்பிடுவோம். கல்ச்சர் போட்டா, அதாவது கிருமியை வளர விட்டுப் பாத்தா, கண்டுபிடிக்கலாம், அதுக்கு வாரக்கணக்கா காத்திருக்கணும். கழுத்துக் கட்டியில டிபி, முதுகெலும்புல டிபி, மூளையில டிபின்னு வந்தவங்களுக்கு சளியில ஒண்ணுமே இருக்காது. சின்னக் குழந்தைக்கு சளியைத் துப்பவே தெரியாது, முழுங்கிடும். அதனால ரத்தத்துல பாக்க முடியாதான்னு நீங்க கேக்கறதை உலகம் பூரா விஞ்ஞானிகளும் நூறு வருஷத்துக்கு மேலயே கேட்டுட்டு இருக்காங்க.

அந்த ஆசையை வச்சு நம்மள ஒரு தடவை ஏமாத்திட்டாங்க. அந்த ஏமாத்துல என் கையும் இருந்துச்சு, அதை இங்க சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது.

2000த்துக்கு அப்புறம் நான் ஒரு தனியார் லேப்ல வேலை பாத்தேன், பேர் வேணாம். அங்க "டிபி ஐஜிஜி, ஐஜிஎம்"னு ஒரு டெஸ்ட் தினமும் பத்து பன்னெண்டு வரும். சிவப்பு மூடி ட்யூப்ல ரத்தம் எடுத்து, உறைய விட்டு, சுத்தி, மேல நிக்கற மஞ்சத் தண்ணியில ஒரு சொட்டு எடுத்து கார்டுல விடணும், மேல ரெண்டு சொட்டு பஃபர். 15 நிமிஷத்துல கோடு வரும். ஒரு கோடுன்னா இல்ல, ரெண்டு கோடுன்னா இருக்கு. பிரச்சனை அந்த ரெண்டாவது கோடு தான், சில சமயம் இருக்கா இல்லையான்னே தெரியாம ரோஸ் கலர்ல நிழல் மாதிரி நிக்கும், ட்யூப் லைட் கீழ பிடிச்சு பாப்போம், ஜன்னல் பக்கம் கொண்டு போய் பாப்போம், பக்கத்துல இருக்கற பொண்ணுகிட்ட "உனக்குத் தெரியுதாடி"ன்னு கேப்போம். ஒரு மனுஷன் ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணுமா வேணாமான்னு அந்த ஜன்னலோரத்துல முடிவாகும்.

தருமபுரி பக்கம் இருந்து வந்த ஒரு பொண்ணு, கார்மெண்ட்ஸ்ல டெய்லர், மூணு வாரமா இருமல், சாயங்காலம் ஆனா காய்ச்சல். டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டோட வந்துச்சு. நான் தான் கார்டு போட்டேன். ஒரே கோடு. நெகட்டிவ்னு ரிப்போர்ட் அடிச்சுக் குடுத்தேன். டிபி இல்லன்னு சொல்லி அதுக்கு இருமல் மருந்தும் ஆன்ட்டிபயாட்டிக்கும் குடுத்து அனுப்பிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு வேற ஒரு எடத்துல, நான் வேலை மாறிப் போன ஆஸ்பத்திரியில, அதே பேரு அதே ஊரு போட்ட ஒரு சளி டப்பா என் மேசைக்கு வந்துச்சு. சாயம் ஏத்திப் பாத்தா ஃபீல்டுக்கு ஃபீல்டு சிவப்புக் குச்சி. த்ரீ ப்ளஸ், அதாவது கிருமி ரொம்ப அதிகம். வெளியில போய் பாத்தேன், அதே பொண்ணு தான், பாதி எடை ஆயிருந்துச்சு. ஒரே ரூம்ல புருஷன், ரெண்டு புள்ளைங்களோட நாலு மாசம் இருமிட்டு இருந்திருக்கு.

அந்த டெஸ்ட் ஏன் தோத்துச்சுன்னு எனக்கு அப்புறம் தான் புரிஞ்சுது. அது தேடினது ஆன்ட்டிபாடி, கிருமியை எதிர்க்க நம்ம உடம்பு செய்யற புரதம், ஐஜிஜி, ஐஜிஎம்ங்கறது அதோட ரெண்டு வகை. டிபி கிருமி ரத்தத்துல சும்மா சுத்தாது, நம்மளோட வெள்ளை அணுவுக்குள்ளயே குடித்தனம் பண்ணும், அதோட சண்டை போடறது பெரும்பாலும் டி செல்னு சொல்ற அணுக்கள். ஆன்ட்டிபாடி ஒருத்தருக்கு நிறைய வரும், நோய் முத்தின இன்னொருத்தருக்கு வரவே வராது. எப்பவோ கிருமி வந்து அடங்கிப் போனவங்களுக்கும் இருக்கும். 2011 ஜூலையில உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளை எடுத்து வச்சு அலசிட்டு, இந்த டெஸ்டை டிபி கண்டுபிடிக்கப் பயன்படுத்தவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. டிபி விஷயத்துல ஒரு டெஸ்டை வேணாம்னு அவங்க வெளிப்படையா சொன்னது அதான் முதல் தடவை. 2012 ஜூன்ல இந்திய அரசு இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாத்தையும் தடை பண்ணுச்சு. அதுக்குள்ள வருஷத்துக்கு லட்சக்கணக்குல நம்ம ஜனங்க காசு குடுத்து அதை எடுத்திருந்தாங்க.

அப்புறம் வந்தது இக்ரா (IGRA)ன்னு இன்னொரு பிளட் டெஸ்ட். இதுல ரத்தத்தை எடுத்து, டிபி கிருமியோட ரெண்டு புரதத்தைக் காட்டி, வெள்ளை அணு கோவிச்சுட்டு இன்டர்ஃபெரான் காமான்னு ஒரு எச்சரிக்கைப் புரதத்தை வெளிய விடுதான்னு பாக்கறாங்க. நல்ல டெஸ்ட்ங்க, குறை சொல்ல மாட்டேன். பிசிஜி, அதான் டிபி தடுப்பூசி, போட்டவங்களைத் தப்பா பிடிக்காது, கையில போடற மான்டூ ஊசிக்கு அந்தக் குறை உண்டு. ஆனா இக்ரா பதில் சொல்றது "இந்தக் கிருமியை நீ எப்பவாவது சந்திச்சியா"ங்கற கேள்விக்கு. கல்யாண மண்டபத்துக்கு மறுநாள் போனா எச்சில் இலையைப் பாத்து பந்தி நடந்திருக்குன்னு சொல்லலாம், இப்ப அடுப்புல என்ன கொதிக்குதுன்னு அதை வச்சு சொல்ல முடியாதில்ல. 2019ல இருந்து 2021 வரைக்கும் நாடு முழுக்க எடுத்த சர்வேல 15 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 100க்கு 31 பேருக்கு கிருமி உள்ள இருக்கறது தெரிஞ்சுது. இந்த ஹால்லயே முப்பது பேருக்கு இருக்கலாம், அதுல பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள் முழுக்க நோயே வராது. அதனால இக்ரா பாசிட்டிவ்னு யாராவது ரிப்போர்ட்டைக் காட்டினா பயந்துறாதீங்க. வீட்டுல டிபி நோயாளி இருக்கறவங்களுக்கு தடுப்பு மருந்து குடுக்கணுமான்னு பாக்க அது உதவும். இருமறவங்களுக்கு டிபி நோய் இருக்கான்னு அதை வச்சு முடிவு பண்ணக் கூடாது.

இப்ப தான் எனக்கு நம்பிக்கை வர்ற எடத்துக்கு வரேன். 2010ல லண்டன்ல ஆன் ஓ'காரா குழு ஒரு வேலை பண்ணாங்க. கிருமியையும் தேடல, ஆன்ட்டிபாடியையும் தேடல, ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்குள்ள இந்த நிமிஷம் எந்தெந்த ஜீன் வேலை செஞ்சுட்டு இருக்குன்னு ஆர்என்ஏவை, அதாவது ஜீன் வேலை செய்யும்போது எழுதி அனுப்பற செய்திச் சீட்டை, எடுத்துப் பாத்தாங்க. டிபி நோய் வந்தவங்க ரத்தத்துல 393 ஆர்என்ஏ ஒரு தனி மாதிரியில மாறியிருந்துச்சு, சும்மா கிருமி தூங்கிட்டு இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்படி இல்ல, மருந்து சாப்பிட சாப்பிட அந்த மாற்றமும் கொறைஞ்சுது. இது இலையைப் பாக்கற வேலை இல்ல, சமையக்கட்டு வாசத்தை மோந்து பாக்கறது.

393ஐ வச்சு ஊர் ஊரா டெஸ்ட் பண்ண முடியாது. 2016ல ஸ்டான்ஃபோர்டு குழு மூணே ஜீனை வச்சு ஒரு அடையாளத்தைக் கண்டுபிடிச்சாங்க, ஜிபிபி5, டியுஎஸ்பி3, கேஎல்எஃப்2. முதல் ரெண்டு ஏறும், கடைசி ஒண்ணு எறங்கும். சளியில டிபி கிருமியோட டிஎன்ஏவைத் தேடற ஜீன்எக்ஸ்பெர்ட் மெஷின்லயே போடற மாதிரி கார்ட்ரிட்ஜ் பண்ணி, விரல் நுனியில குத்தின ரத்தத்தை வச்சு பல நாட்டுல சோதிச்சுட்டு வர்றாங்க. நம்ம பெங்களூர்லயே, மல்லேஸ்வரம் பக்கத்துல இருக்கற இந்திய அறிவியல் கழகத்துல நாகசுமா சந்திரா குழு 2017ல பத்து ஜீன் கொண்ட ஒரு அடையாளத்தை வெளியிட்டாங்க. சளியில டிபி பாக்கற ட்ரூநாட் மெஷினும் இந்த ஊர்ல பிக்டெக் லேப்ல உருவானது தான், பேட்டரியில ஓடும், 2020ல உலக சுகாதார நிறுவனம் அதை ஏத்துக்கிச்சு. நம்ம ஊருக்கு இது முடியாத வேலை இல்லன்னு சொல்றதுக்காக சொன்னேன்.

கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். இந்த ஜீன்ல நிறைய இன்டர்ஃபெரான் சம்பந்தப்பட்டது, வைரஸ் காய்ச்சல் வந்தாலும் அதுவும் துள்ளும். கடுகு தாளிக்கற வாசம் சாம்பாருக்கும் வரும் ரசத்துக்கும் வரும், அதை வச்சு மட்டும் சாம்பார்னு அடிச்சு சொல்லிட முடியாது. இன்னொண்ணு, எங்க வேலைக்காரங்களுக்குத் தான் தெரியும் இது, ஆர்என்ஏ ரொம்ப சீக்கிரம் கெட்டுப் போற சாமான். ஊதா மூடி ட்யூப்ல ரத்தத்தை எடுத்து பையில போட்டுட்டு மத்தியானம் பைக்ல சுத்தினா லேபுக்கு வரும்போது அதுல இருக்கற செய்தியே மாறிப் போயிருக்கும். அதுக்குன்னு தனி ட்யூப் உண்டு, விலை ஜாஸ்தி. அதனால தான் எடுத்த எடத்துலயே, அப்பவே போட்டுப் பாக்கற மெஷின் வேணும்னு எல்லாரும் அதுலயே நிக்கறாங்க.

எவ்வளவு நல்லா இருந்தா போதும்? 2014ல உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவுகோல் வச்சுது, முதல் கட்டமா சலிச்சு எடுக்கற டெஸ்ட்னா நோய் இருக்கற 100 பேர்ல 90 பேரையாவது பிடிக்கணும், இல்லாத 100 பேர்ல 70 பேரையாவது விட்டுடணும். பேச்சுக்கு ஒரு கணக்கு போடுவோம். இருமலோட 1,000 பேர் வராங்க, 50 பேருக்கு டிபி. இந்த டெஸ்ட் 45 பேரைப் பிடிக்கும், 5 பேரைக் கோட்டை விடும். டிபி இல்லாத 950 பேர்ல 285 பேரையும் சேத்துப் பிடிக்கும். ஆக 330 பேருக்கு சளி பாத்தா போதும், 1,000 பேருக்கும் பாக்க வேணாம். அந்த 285 பேருக்கு நேரா மாத்திரை எழுதினா அது பழைய கார்டு பண்ணின அதே அநியாயம். அந்த 5 பேரை இருமல் நிக்கலன்னா திரும்ப வரச் சொல்லணும், இல்லன்னா என் தருமபுரிப் பொண்ணு கதை தான். அதனால புது பிளட் டெஸ்ட் நாளைக்கே வந்தாலும் சளி டப்பா எங்கயும் போகாது.

அந்தப் பொண்ணுக்கு நாலு வயசுல ஒரு பெண் குழந்தை. அம்மாவுக்கு டிபின்னு தெரிஞ்சதும் அதையும் கூட்டிட்டு வந்தாங்க, சோர்ந்து போய் இருந்துச்சு. சளி வராது, அதனால ராத்திரி பூரா பட்டினி போட்டு, காலையில எழுந்த உடனே மூக்கு வழியா ட்யூப் விட்டு, முழுங்கின சளியை வயித்துல இருந்து உறிஞ்சி எடுக்கணும். ரெண்டு பேர் கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டாங்க, அம்மாவை வெளியில நிக்க வச்சாங்க. "அக்கா வேணாங்க்கா"ன்னு அது தமிழ்ல கத்துச்சு, அந்த வார்டுல அந்த நேரம் தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்தி தான். மறுநாளும் எடுக்கணும்னாங்க, எடுத்தோம். அம்மாவும் புள்ளையும் ஆறு மாசம் மருந்து சாப்பிட்டு நல்லா ஆயிட்டாங்க. ஆனா விரல் நுனியில ஒரு குத்துன்னு எந்த ஆராய்ச்சியைப் பத்திப் படிச்சாலும் எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்தப் புள்ளையோட மணிக்கட்டு.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஊர் தேசிய டிபி நிலையம் 1959ல ஆரம்பிச்சது. அங்க இருந்த ஆராய்ச்சியாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் துமகூர் மாவட்டத்துக் கிராமங்கள்ல போய் பாத்து, 1963ல அதை வெளியிட்டாங்க. சளியில கிருமி இருந்தவங்கள்ல பாதிப் பேர் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க, இருமல் மருந்து பாட்டிலோட திருப்பி அனுப்பியிருந்தாங்க. ஜனங்களுக்கு அறிவில்லன்னு சொல்ற டாக்டர்களுக்கு அந்த ஆய்வை நான் இன்னிக்கும் எடுத்துச் சொல்லுவேன். புது டெஸ்ட் வர்ற வரைக்கும், நம்ம கிளினிக்குகள் அந்தப் பாட்டிலைக் குடுக்கறதை நிறுத்தினாலே எத்தனையோ பேர் தப்பிப்பாங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வேர்வை, இதுல எது இருந்தாலும் கதவு பக்கத்து மேசையில டப்பா வச்சிருக்கோம், பேர் எழுதிட்டு எடுத்துட்டுப் போங்க. காலையில பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி வாயை வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு, மூச்சை ஆழமா இழுத்து நெஞ்சுல இருந்து வர்ற சளியைத் துப்புங்க, எச்சில் வேணாம். மூடியை இறுக்கமா மூடுங்க. நாளைக்கு ஏழரை மணிக்கு நான் இங்க இருப்பேன்.