வீடியோல பேசுறது யாரு?

வணக்கம் மக்களே. கேக்குதா? மைக்ல காத்து அடிக்குதுன்னு நினைக்கிறேன், இருங்க, கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காந்துக்கறேன். இன்னிக்கு எனக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்டு. அதுவரைக்கும் ரூம்ல சும்மா கிடக்க வேணாம்னு வேலூர் கோட்டைக்குள்ள வந்து ஒரு வேப்ப மரத்தடியில உக்காந்துட்டேன். பின்னாடி கோபுரம் தெரியுது பாருங்க, ஜலகண்டேஸ்வரர் கோயில். அதுகிட்ட அப்புறம் வர்றேன்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். சித்தி பொண்ணு என் வீடியோ ஒண்ண டீவியில போட்டுவிட்டா, வீடே உக்காந்து பாக்குது. பாதியில நிறுத்திட்டு என் பக்கம் திரும்பி, "யக்கா, இதுல பேசுறது யாரு? நீ இல்லயே"ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா திரும்பி வரும்போது பஸ்ல பூரா அதுதான் உறுத்திக்கிட்டு இருந்துச்சு.

அவ சொன்னது தப்பில்ல. வீட்ல நான் "இன்னாமே, துன்னியா? எங்க கீற?"ன்னுதான் பேசுவேன். இங்க உங்ககிட்ட "சாப்டீங்களா, எப்படி இருக்கீங்க". எனக்கு வேலை ஒரு லாட்ஜ் கவுண்டர்ல, தெரியும்ல. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்துல இருந்து வர்றவங்க அவ்வளவு பேரு இருக்காங்க, இந்தப் பக்கம் கடை போர்டே வங்காள மொழியில எழுதியிருக்கும். அதனால கவுண்டர்ல நான் "ஆஷுன் தாதா, போஷுன்". வாங்கண்ணா உக்காருங்கன்னு அர்த்தம். அதைச் சொல்றப்போ என் குரலே அரைக் கட்டை ஏறிடும், கன்னம் தானா சிரிச்சிக்கும். இதுல எது நான்? மூணும் இல்லாம, ஆள் யாரும் இல்லாதப்போ சும்மா உக்காந்திருக்கேனே, அதுவா? அப்போ நான் பெரும்பாலும் ஃபோன்தான் பாத்துட்டு இருப்பேன். அதைப் போயி "உண்மையான நான்"னு சொன்னா எனக்கே கேவலமா இருக்கு.

பேரு மாறிக்கிட்டே இருக்குறது எங்க ஊருக்குப் புதுசு இல்லைங்க. நான் 1990ல ஆற்காடு பக்கம் ஒரு கிராமத்துல பொறந்தேன். அப்போ அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பள்ளிக்கூடம் படிச்சு முடிக்கிறப்போ வேலூர் மாவட்டம். 2019ல மூணாப் பிரிச்சாங்க, இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். வீடு ஒரு அடி நகரல, அதே புளியமரம், அதே எதிர்வீட்டுச் சண்டை. பாலாறு கதையும் அதுதான். வருஷக்கணக்கா மணலா கிடக்கும், நாங்க ஆறுன்னுதான் சொல்லுவோம். 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்போதான் பாலம் பூரா ஜனம் நின்னு, "ஆமா, ஆறுதான்"னு பாத்துட்டுப் போச்சு.

இந்தக் கோயிலும் அப்படித்தான். எங்க பக்கத்துல பெருசுங்க சொல்லுவாங்க, வேலூர்ல தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. கேலிதான், ஆனா நிஜம். தலைமுறை தலைமுறையா உள்ள மூலவர் கிடையாது. 1981லதான் சத்துவாச்சாரியில இருந்து லிங்கத்தைக் கொண்டாந்து வெச்சாங்க. அதுவரைக்கும் கருவறை காலி. கோபுரம் இருந்துச்சு, கல்யாண மண்டபத்துத் தூண்ல யாளி இருந்துச்சு, கோயில்னு எல்லாரும் சொன்னாங்க. "ஒவ்வொருத்தருக்குள்ளயும் மாறாத ஒரு நான் உக்காந்திருக்கு, மேல இருக்குற வேஷத்தையெல்லாம் உரிச்சா அது கிடைக்கும்"னு நிறைய பேரு சொல்றதைக் கேக்குறப்போ எனக்கு இந்தக் காலிக் கருவறைதான் ஞாபகம் வருது. உரிச்சுப் பாத்து உள்ள ஒண்ணுமில்லன்னா என்ன பண்ணுவீங்க?

எர்விங் காஃப்மன்னு ஒரு கனடாக்காரர், சமூகவியல் ஆளு, 1959ல வந்த புத்தகத்துல ஏறக்குறைய இதைத்தான் சொல்றார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுல ஒரு ஹோட்டல்ல இருந்து பாத்திருக்கார். வேலைக்காரங்க சமையல்கட்டுல ஒரு மாதிரியும், சாப்பாட்டு ஹால்ல வேற மாதிரியும் நடந்துக்குவாங்களாம். லாட்ஜ்ல வேலை பாக்குற எனக்கு இது தெரியாதா? எங்க கவுண்டருக்குப் பின்னாடி ஒரு நீலத் திரை தொங்குது. அதுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அந்த "நான்"கிறதே மேடையில நடக்குற காட்சியில இருந்து பொறக்குறது, அதுக்கு முன்னாடியே தயாரா உக்காந்திருக்குறது இல்லன்னு அவர் சொல்றார். பாதி சரின்னு தோணுது. மீதிப் பாதி ஏன் ஒத்து வரலன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ராத்திரி ஷிஃப்ட்டு. ரெண்டாவது மாடியில ஒருத்தர் பத்தொம்போது நாளா தங்கியிருந்தார், அம்பது வயசு இருக்கும், சம்சாரத்தை அட்மிட் பண்ணியிருந்தார். ரூம்லயே அரிசி பொங்கிக்குவார். காலையில சின்ன மீனு வாங்கிட்டு வந்து, பையை எனக்குத் தெரியாம முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு மாடி ஏறுவார், மீன் சமைக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல. எனக்குத் தெரியும், கண்டுக்க மாட்டேன். அன்னிக்குப் பத்தரை மணி இருக்கும். கவுண்டருக்கு முன்னாடி நிழல் விழுந்துச்சு. நான் ரெஜிஸ்டர்ல இருந்து முழுசா தலைகூடத் தூக்கல, "ஆஷுன் தாதா, போஷுன்"னு சிரிச்சேன். அவரும் சொன்னபடி உக்காந்தார். சாவியை எடுத்து மேஜை மேல வெச்சார். "டிஸ்சார்ஜா தாதா?"ன்னேன், அதே சிரிப்போட. "ஷேஷ்"ன்னார். முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

என் சிரிப்பு இறங்க நேரமாச்சுங்க. அதைத்தான் என்னால மறக்க முடியல. காதுல விழுந்துருச்சு, புரிஞ்சிருச்சு, ஆனா மூஞ்சி இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கு. அந்த மனுஷன் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். உள்ள இருக்குற "நிஜமான நான்"னு சொல்றோமே, அது அன்னிக்கு ஒரு உதவிக்கும் வரல. திகைச்சுப் போயி நின்னுச்சு. வேலை செஞ்சது கவுண்டர்காரிதான். அந்தம்மா உடம்பைக் கல்கத்தாவுக்கு ஃப்ளைட்ல கொண்டுபோக, கெடாம பதப்படுத்துனதுக்கு எம்பாமிங் சர்டிபிகேட் வேணும், ஆட்சேபணை இல்லன்னு போலீஸ் என்ஓசி வேணும், சென்னை ஏர்போர்ட் வரைக்கும் வண்டி வேணும். யாருக்கு எந்த நேரத்துல ஃபோன் பண்ணா எடுப்பாங்கன்னு அவளுக்குத் தெரியும். பில் புக்குக்குப் பின்னாடி ஒண்ணொண்ணா எழுதி, எது முதல்ல எது அப்புறம்னு அம்புக்குறி போட்டுக் கொடுத்தா. அவர் மகனுக்கு ஃபோன் போட்டுப் பேசினா. குரல் நடுங்கல. வாடகையையும் ஒரு ரூபா விடாம வாங்கினா, அதுவும் அவதான். விடிகாலை டீ குடிக்கும்போதுதான் எனக்குக் கை ஆடுச்சு.

அதனால வேஷம்னா பொய், கழட்டிட்டா உண்மைன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது. அந்தச் சிரிப்பும் கவுண்டர்காரியோடதுதான், அந்த அம்புக்குறியும் அவளோடதுதான்.

சரி, நான் உக்காந்திருக்குற இந்த இடத்துக்கு வாங்க. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி, இதே கோட்டைக்குள்ள வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிப்பாய்ங்க துப்பாக்கியத் தூக்குனாங்க. மக்கான் பக்கம் நினைவுத் தூண் பாத்திருப்பீங்க. அதுக்கு முந்தின வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குப் புது உத்தரவு போட்டாங்க. நெத்தியில நாமம் விபூதி கூடாது, கடுக்கன் கூடாது, தாடிய எடுத்துரு, தலைக்குப் புதுத் தலைப்பாகை. அதுல தோல்ல செஞ்ச ஒரு சின்னம். அந்தத் தலைப்பாகையே பாக்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி. வேற காரணங்களும் இருந்துச்சு, திப்பு சுல்தானோட பிள்ளைங்களை இங்கதான் வெச்சிருந்தாங்க. ஆனா கொந்தளிக்க வெச்சதுல பெரிய பங்கு இந்தத் தலைப்பாகைக்கு. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அதே ஆளுங்க கம்பெனியோட சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டுதானே இருந்தாங்க? அதுவும் வேஷம்தானே? அதைப் போட முடிஞ்சுது, இதைக் கழட்ட முடியல. எது சட்டை, எது தோலுன்னு போட்டிருக்குறவனுக்கே முன்கூட்டித் தெரியாது போலிருக்கு. ஒருத்தன் வந்து கை வெக்கிறப்போதான் தெரியுது. அதுக்காகச் "சரி, தோலுதான் நிஜம்"னும் சொல்ல முடியல. நாமமும் தாடியும் பொறந்த வீடு கொடுத்தது, ஊர் கொடுத்தது. அதுவும் யாரோ கட்டிவிட்ட வேஷம்தான். இங்க வந்ததும் எனக்குக் குழம்பிடுது.

ஆற்காட்டுல இருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அன்னிக்கே அடக்கிட்டார். அப்புறம் அந்த உத்தரவையும் வாபஸ் வாங்கினாங்க, கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஆற்காட்டுல இருந்து வேலூருக்கு நான் பஸ் ஏறுறப்போ சில நாள் இது ஞாபகம் வரும். பெரும்பாலும் சீட்டு கிடைக்குமான்னுதான் ஞாபகம்.

"நான் யார்"னு கேட்டதுக்கே பேர்போன மனுஷரும் நம்ம பக்கம்தான். 1989 வரைக்கும் திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்துலதான் இருந்துச்சு. ரமணர் 1896ல பதினாறு வயசுல மதுரை வீட்டை விட்டுக் கிளம்பினப்போ ஒரு கடுதாசி எழுதி வெச்சுட்டுப் போனார். முதல் வரியில "நான்"னு தொடங்கறார். கொஞ்சம் தள்ளி அந்த "நான்" "இது"ன்னு ஆயிடுது. கையெழுத்து போடுற இடத்துல பேரே இல்ல, வெறும் கோடு. மெய்சிலிர்க்கும். ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்குக் கீழ எழுதியிருக்கறது. அண்ணன் காலேஜ் சம்பளம் கட்டச் சொல்லி அஞ்சு ரூபா இருந்துச்சு, அதுல மூணை வழிச்செலவுக்கு எடுத்துக்கிட்டார். உன் சம்பளம் இன்னும் கட்டல, ரெண்டு ரூபா இதோட இருக்குன்னு எழுதியிருக்கார். "நான்" போயிடுச்சு, பேரு போயிடுச்சு, அண்ணனுக்குக் கணக்கு சொல்ற தம்பி மட்டும் போகல!

இதைப் படிச்சதுல இருந்து, உள்ள என்ன இருக்குன்னு தோண்டறதை விட்டுட்டேன். எல்லா வேஷத்துக்கும் சேத்து ஒருத்தர் பதில் சொல்ல வேண்டியிருக்குல்ல, அவங்கதான் எனக்கு வேணும். கவுண்டர்ல சிரிச்சதுக்கு வீட்ல படுத்துக்கிட்டு வெக்கப்பட்டது யாரோ, அவங்க.

எங்க மாமா ஒருத்தர் கூத்து ஆடுவார். பகல்ல டைலர். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துல துகில் உரியற அன்னிக்கு அவர்தான் துச்சாதனன். சின்ன வயசுல வேஷம் கட்டுற கொட்டாய்க்குள்ள போயி உக்காந்துக்குவேன். ஒரு பக்கம் அரிதாரம் பூசியாச்சு, இன்னொரு பக்கம் வெறும் மாமா. அந்த மூஞ்சியோட எங்கம்மாகிட்ட, "ஜாக்கிட்டு நாளைக்கு சாந்தரம் வாங்கிக்க, ஊக்கு மட்டும் பாக்கி"ன்னுவார். நடுராத்திரிக்கு மேல கிரீடமும் புஜக்கட்டையுமா மாமா திரையத் தள்ளிட்டு வந்தா, முன்னாடி உக்காந்திருக்குற பசங்க அலறும். திரௌபதி வேஷத்துல இருக்குறதும் ஆம்பளதான், செங்கல் சூளையில வேலை பாக்குறவர். அவர் புடவைத் தலைப்பத் தொடறதுக்கு முன்னாடி மத்தளம் நின்னுடும். மாமா தட்டுல சூடம் ஏத்தி, அவர் முன்னாடி காட்டி, கீழ விழுந்து கும்பிடுவார். "தாயே, வவுத்துப் பொழப்புக்கு இந்த வேஷம் கட்டிக்கீறேன், கொற வெக்காத." அந்தக் குரல் துச்சாதனன் குரல் இல்ல. கடையில அளவெடுக்கிறப்போ பேசுவாரே, அந்தக் குரலும் இல்ல. எந்திரிச்சார்னா ஒரு கத்து, புடவை கையில.

போன ஞாயித்துக்கிழமை மாமா கடைக்குப் போயி கேட்டேன், "மாமா, சூடம் ஏத்துறப்போ பேசுறது நீயா, துச்சாதனனா?" நூலைப் பல்லுல கடிச்சிட்டே சொன்னார், "யாரா இருந்தா இன்னா, அம்மா கோச்சிக்கக் கூடாதில்ல."

வர்ற வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல அதே கூத்து. உங்களுக்காக வீடியோ எடுக்கட்டுமான்னு மாமாகிட்ட கேட்டேன். கொட்டாய்க்குள்ள எடு, மூஞ்சி பூசறத எடு, விடிய விடிய எடுன்னுட்டார். "அந்தச் சூடம் ஏத்துற எடத்துல மட்டும் ஃபோனைக் கீழ வெச்சிடு." சரின்னுட்டேன். அதனால அடுத்த வீடியோல அந்த இடம் மட்டும் இருக்காது, சொல்லிட்டேன். மணி ஒண்ணே கால், நான் கிளம்புறேன்.