தலைமுறை தொடர மியாசிஸே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"உயிரினம் தலைமுறை தலைமுறையாகத் தொடரப் பெரிதும் காரணம் மைட்டாசிஸா, மியாசிஸா?" என்பது இன்றைய கேள்வி. மைட்டாசிஸ் என்பது ஒரு செல் தன்னைப் போலவே இரண்டு செல்களாகப் பிரிவது; மியாசிஸ் என்பது மரபுத் தொகுதியைப் பாதியாக்கி, விந்தணு, கருமுட்டை போன்ற செல்களை உருவாக்கும் பிரிவு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களை அடுக்கினார். ஒற்றைச் செல்லாகத் தொடங்கும் கரு முழு உடம்பாவது மைட்டாசிஸால். காயம் ஆறுவது மைட்டாசிஸால். மியாசிஸுக்குள் நுழையப் போகிற தாய்ச்செல்களைப் பெருக்கித் தருவதும் மைட்டாசிஸ்தான். மூன்றும் உண்மை, ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வேலையும் ஓர் உடம்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நாம் பேச வந்ததோ, அந்த உடம்பிலிருந்து அடுத்த உடம்புக்கு உயிர் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனித உடம்பின் செல்லில், மரபுச் செய்தியைச் சுமக்கும் நூல் போன்ற குரோமோசோம்கள் 46; தாய்வழி 23, தந்தைவழி 23 என 23 ஜோடிகள். மைட்டாசிஸ் பிரித்தால் இரண்டு சேய்ச்செல்களிலும் அதே 46. விந்தணுவும் கருமுட்டையும் இப்படியே உருவானால், இரண்டும் சேரும்போது குழந்தைக்கு 92, பேரக்குழந்தைக்கு 184. பத்தாவது தலைமுறையில் 47,104! எந்தச் செல் தாங்கும்? 1883-இல் பெல்ஜிய விஞ்ஞானி வான் பெனடன் உருளைப்புழுவின் முட்டையை நுண்ணோக்கியில் பார்த்து, தாயும் தந்தையும் சம எண்ணிக்கையில் குரோமோசோம்களைத் தருகிறார்கள் என்று காட்டினார். அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் இந்த எண்ணிக்கை பாதியாகியே தீர வேண்டும் என்று 1887-இல் ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மான் சொன்னார். அந்த இடம்தான் மியாசிஸ்.

சரி, பாதியாக்குவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். ஏதோ 23-ஐ எடுத்து இந்தப் பக்கமும், மீதி 23-ஐ அந்தப் பக்கமும் தள்ளினால் போதாது. ஒன்றாம் எண் குரோமோசோம் இரண்டும் ஒரு பக்கம் போய், மறுபக்கம் ஒன்றுகூட இல்லாவிட்டால் அந்தச் செல்லால் பயனில்லை. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் சரியாக ஒன்று வர வேண்டும். அதற்கு, தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த அதன் இணையும் முதலில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். மைட்டாசிஸில் இந்தத் தேடலே கிடையாது. அங்கே 46 குரோமோசோம்களும் தனித்தனியே நடுக்கோட்டில் நிற்கும். ஒவ்வொன்றின் இரு குரோமாட்டிடுகளும், அதாவது நகலெடுப்பில் உண்டான இரு பிரதிகளும், பிரிந்து எதிரெதிர் முனைக்குப் போகும், அவ்வளவுதான். மியாசிஸின் முதல் பிரிவில் குரோமாட்டிடுகள் பிரிவதில்லை, ஜோடிகள் பிரிகின்றன. குரோமாட்டிடுகள் இரண்டாம் பிரிவு வரை சேர்ந்தே இருக்கின்றன. டி.என்.ஏ. நகலெடுப்பு ஒரு முறை, பிரிவு இரண்டு முறை. முடிவில் 23 குரோமோசோம்களோடு நான்கு செல்கள்.

இந்த ஜோடி சேர்வது எப்படி என்று தெரிந்தபோது நான் வியந்துபோனேன், நடுவர் அவர்களே. செல் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டிக்கொள்கிறது! ஸ்போ11 என்ற புரதம் நூற்றுக்கணக்கான இடங்களில் இரு இழைகளையும் வெட்டுகிறது. வேறெந்தச் சமயத்திலும் செல்லுக்கு ஆபத்தான காயம் அது. அந்தக் காயத்தைச் சரிசெய்ய இணைக் குரோமோசோமைத் தேடிப் போகும்போதுதான் இரண்டும் நெருங்குகின்றன. சில இடங்களில் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன, இதுதான் குறுக்கேற்றம். அப்படி ஒட்டிய இடமே, அதாவது கயாஸ்மாவே, பிரியும் நேரம் வரை ஜோடியைப் பிடித்து வைத்திருக்கிறது. குறுக்கேற்றம் பன்முகத்தன்மைக்காக மட்டும் நடப்பதாகப் பலரும் நினைக்கிறோம். நம் உடம்பில் அது நடக்காவிட்டால் ஜோடி ஒழுங்காகப் பிரிவதே கஷ்டம்.

பன்முகத்தன்மையின் அளவையும் பாருங்கள். எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். 23 ஜோடிகளுக்கு 83,88,608 விதமான சேர்க்கைகள். தாய், தந்தை இருவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 70 லட்சம் கோடி. குறுக்கேற்றத்தை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி இருப்பது இதனால்தான்.

ஒரு செல் உயிரியான அமீபா மைட்டாசிஸால் பிளந்து பிளந்தே காலம் தள்ளவில்லையா என்றும் எதிரணியினர் கேட்டார்கள். தள்ளுகிறது. ஆனால் ஈஸ்ட்டைப் பாருங்கள், அதுவும் ஒரு செல் உயிரிதான். உணவு தாராளமாக இருக்கும்வரை மைட்டாசிஸால் பெருகும். நைட்ரஜனும் நல்ல உணவும் தீர்ந்து நெருக்கடி வந்தால், இரட்டைத் தொகுதி குரோமோசோம் கொண்ட ஈஸ்ட் செல் மியாசிஸுக்குப் போய் நெருக்கடியைத் தாங்கும் ஸ்போர் என்ற உறைச்செல்கள் நான்கை உருவாக்கிக்கொள்கிறது. கஷ்ட காலத்தில் அது யாரை நம்புகிறது?

அப்புறம், மியாசிஸ் தவறு செய்கிறது என்ற எதிரணியின் குற்றச்சாட்டு. உண்மைதான். 21-ஆம் ஜோடி பிரியாமல் போவதால், குழந்தையின் உடல், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் வருகிறது; பெரும்பாலும் கருமுட்டை உருவாகும் கட்டத்தில் இது நேர்கிறது. ஆனால் அந்தக் கருமுட்டையின் காத்திருப்பையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்கி, முதல் பிரிவின் தொடக்கக் கட்டமான புரோஃபேஸிலேயே நின்றுவிடுகின்றன. மீண்டும் நகர்வது கருமுட்டை வெளிவரும் மாதத்தில். அதற்குள் 15 ஆண்டுகள் ஆகியிருக்கலாம், 45 ஆண்டுகளும் ஆகியிருக்கலாம். இரண்டாம் பிரிவு முடிவதோ விந்தணு உள்ளே வந்த பிறகுதான். அத்தனை வருடம் குரோமோசோம்களைக் கட்டிப்பிடித்திருந்த புரதங்கள் தளர்ந்துபோவதும் பிழைக்கு ஒரு காரணம். மைட்டாசிஸுக்கும் பிழை உண்டு. கட்டுப்பாடு இழந்த செல் மைட்டாசிஸால் பெருகிப் பெருகித்தானே புற்றுநோயாகிறது?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி. ஜோடியைத் தேடவே தெரியாத மைட்டாசிஸை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று என்று 23 குரோமோசோம்களை ஒரு கருமுட்டைக்குள் எப்படிக் கொண்டுவருவீர்கள்? அதற்கு வழி சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.