சுற்றிச் சுற்றி விழும் குட்டி ஹெலிகாப்டர்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

வணக்கம். பேசுவதற்கு முன் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன்.

கேட்டதா? சீரான ரீங்காரத்துக்கு நடுவே மெல்லிய ஒரு உராய்வு. அந்த உராய்வைத் தேடித்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

மேசையில் இருப்பது அகச்சிவப்புக் கதிர் ரிமோட்டில் இயங்கும் சின்ன ஹெலிகாப்டர். ஒரு சாணுக்குச் சற்றே அதிகமான நீளம், 40 கிராம் அளவுக்கு எடை. பக்கத்து வீட்டுச் சிறுவன் கொண்டுவந்தான். "மோட்டார் போய்விட்டது மாமா, மேலே தூக்கினால் பம்பரம் மாதிரி சுற்றி விழுகிறது" என்றான். சுற்றுகிறது என்பது உண்மை. மோட்டார் போய்விட்டது என்பது அவனுடைய தீர்ப்பு. நானும் ஒரு காலத்தில் அதே தீர்ப்பைச் சொல்லி, ஒரே ஹெலிகாப்டருக்கு இரண்டு முறை மோட்டார் மாற்றியவன்தான். அந்த மானக்கேட்டைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இது ஏன் சுற்றுகிறது என்று பார்ப்போம். மேலே இரண்டு அடுக்கு இறக்கைகள் தெரிகின்றன அல்லவா? இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. மேல் அடுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய அச்சில் நிற்கிறது. கீழ் அடுக்கு அதைச் சுற்றியிருக்கும் குழாய் அச்சில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனிப் பல்சக்கரம். ஓர் இறக்கை ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். இரண்டு இறக்கைகளும் சம பலத்தோடு எதிரெதிரே சுழன்றால் உடல் நேராக நிற்கும். நாம் ரிமோட்டில் இடது, வலது என்று திருப்பும்போது, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை ஒரு மோட்டாரைக் கொஞ்சம் வேகப்படுத்தி, மற்றதைக் கொஞ்சம் தளர்த்துகிறது. காமோவ் நிறுவனத்தின் பெரிய ரஷ்ய ஹெலிகாப்டர்களிலும் இதே இரட்டை அடுக்கு அமைப்புதான். ஆனால் அவை திரும்புவதற்காக இறக்கைகளின் சாய்வை மாற்றுகின்றன, இது வேகத்தை மாற்றுகிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. எனக்கு இது புரிய நெடுநாள் ஆயிற்று. உடல் எந்தத் திசையில் சுற்றுகிறதோ, அதே திசையில் சுழலும் இறக்கை அடுக்குதான் நோயாளி. மெதுவாக யோசியுங்கள். பலமான அடுக்கு உடலைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அந்த எதிர்ப்பக்கம் என்பது பலவீனமான அடுக்கு சுழலும் பக்கம். ஆகவே முழுவதையும் பிரித்துப் போட வேண்டாம், பாதியை மட்டும் பார்த்தால் போதும்.

இந்த ஹெலிகாப்டரின் உடல் கடிகாரத் திசையில் சுற்றுகிறது. கடிகாரத் திசையில் சுழல்வது கீழ் அடுக்கு. ஆக, குழாய் அச்சு, அதன் பல்சக்கரம், அதன் மோட்டார்.

பிரிப்பதற்கு முன் விரலால் சுற்றிப் பார்க்கிறேன். பேட்டரி இணைப்பு துண்டித்தாயிற்று. மேல் அடுக்கு எளிதாகச் சுழல்கிறது. கீழ் அடுக்கு... இதோ, பிடிக்கிறது. விட்டால் தானாக ஒரு சுற்றுகூடப் போகவில்லை. இதைத்தான் பையன் மோட்டார் என்கிறான். பாவம், மோட்டார் பிரேக் போட்ட வண்டியை இழுத்துக்கொண்டிருக்கிறது.

உருப்பெருக்கியில் காட்டுகிறேன். பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு வளையம் தெரிகிறதா? தலைமுடி. கூடவே ஏதோ கம்பள நூலும். தரையில் விழுந்த இடத்தில் எல்லாம் இது ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வரும். ஊசி முனையால் கிளறி, சாமணத்தால் இழுக்கிறேன். இழுக்கும்போது இறக்கையை மெல்லப் பின்பக்கமாகச் சுற்றுங்கள், சுருண்டது அவிழும். வெட்டி எடுக்கப் போனால் துண்டு உள்ளே தங்கிவிடும்.

வந்துவிட்டது. இத்தனை நீளம்! நான் மோட்டார் மாற்றிய கதையும் இதுவேதான். பழைய மோட்டாரைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, மறுபடி சுற்றியதும் புதிய மோட்டாரும் மட்டம் என்று முடிவு கட்டி, இன்னொன்றைப் போட்டேன். மூன்றாம் நாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் முடி கண்ணில் பட்டது. இரண்டு நல்ல மோட்டார்களின் மேல் பழி போட்டவன் நான்.

உண்மையிலேயே மோட்டார் தேய்வதும் உண்டு. இதில் இருப்பவை உள்ளே கார்பனோ மெல்லிய உலோகமோ உரசிக்கொண்டே இருக்கும் பிரஷ் வகை. எத்தனை மணி நேரம் ஓடியதோ அத்தனைக்குத் தேயும். அப்போது அச்சு தடையில்லாமல் சுழலும், ஆனால் மோட்டார் விரைவில் சூடாகும், பலம் குறையும். மோட்டார் கீச்சென்று வேகமாக ஓடியும் இறக்கை சோம்பலாகச் சுழன்றால், மோட்டார் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரம் வெடித்து வழுக்குகிறது என்று பொருள். அதற்குப் பசை தடவுவதானால் ஊசி முனையில் ஒரு துளி, மோட்டாரின் மூக்கைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு. நிமிர்த்திப் பிடித்தால் பசை உள்ளே இறங்கி மோட்டாரையே சிறைப்பிடிக்கும்.

அடுத்து இறக்கைகள். ஸ்க்ரூவை இறுக்கிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது, ஆடுகிறதே என்று இறுக்குவார்கள். ஆடத்தான் வேண்டும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை தானாகத் தொங்கிச் சரிய வேண்டும். சுழலும்போது மையவிலக்கு விசை அதை நேராக்கிக்கொள்ளும், சுவரில் பட்டால் மடங்கித் தப்பிக்கும். மேல், கீழ் இறக்கைகளில் ஏ, பி என்று எழுத்துப் பொறித்திருப்பார்கள். அதைக் கலந்துவிட்டால் காற்றைக் கீழே தள்ள வேண்டியது மேலே தள்ளும். நன்றாகச் சுழலும், தரையை விட்டு எழாது.

உச்சியில் எடைகளோடு குறுக்காக இருக்கும் இந்தத் தண்டைப் பாருங்கள். சமநிலைத் தண்டு. எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பாகம் இதுதான், கொஞ்சம் கதை சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் பல ஆண்டுகள் சின்னச் சின்ன மாதிரி ஹெலிகாப்டர்களைச் செய்து, விழவிட்டு, மறுபடி செய்துகொண்டிருந்தார். நிலையாக நிற்க வைப்பதுதான் சிக்கல். சுழலும் தண்டு தன் தளத்தை எளிதில் விடாது. அதை இறக்கையோடு இணைத்துவிட்டால், உடல் சாயும்போது தண்டு பழைய தளத்திலேயே நின்று இறக்கையின் கோணத்தைத் திருத்தும். அந்த மாதிரியோடு 1941இல் பெல் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே பிறந்த பெல் 47, 1946இல் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒன்று இருக்கிறது. பொம்மையிலிருந்து பெரிய ஹெலிகாப்டருக்குப் போன தண்டு, திரும்பவும் பொம்மைக்கு வந்திருக்கிறது.

இந்தத் தண்டை இறக்கையோடு இணைக்கும் இரண்டு குட்டிக் கைகள் இருக்கின்றன. விழுந்தால் முதலில் கழல்வது இவைதான். ஹெலிகாப்டர் குடித்தவன்போல் தள்ளாடி வட்டமடித்தால், இங்கே பாருங்கள். கழன்ற கையை அதன் உருண்டைக் குமிழில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். வேலை முடிந்தது.

வால் விசிறி படுத்திருப்பதற்குக் காரணம், அது உடலைத் திருப்புவதில்லை. வாலை மேலே தூக்கும், மூக்கு தாழும், ஹெலிகாப்டர் முன்னே போகும். அது ஓடவில்லை என்றால் பெரும்பாலும் வால் குழாய்க்குள் போகும் மெல்லிய கம்பி அறுந்திருக்கும். பற்றவைத்த பிறகு முன்னே தள்ளினால் பின்னே போகிறதா? கம்பிகளை மாற்றிப் போட்டுவிட்டீர்கள்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. ஒற்றை லித்தியம் பாலிமர் கலம், 3.7 வோல்ட். நிறைந்தால் 4.2. மூன்று வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடும். பறந்து முடித்ததும் சூடாக இருக்கும், ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். உப்பியிருந்தால் குத்திப் பார்க்க வேண்டாம், அமுக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். புதியதை மாற்றும்போது இரண்டு கம்பிகளையும் ஒரே கத்தரிப்பில் வெட்டினால் கத்தரிக்கோலே குறுக்குச் சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கிவிடும். ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பெரிய பேட்டரி போட்டால் அதிக நேரம் பறக்குமா என்று கேட்பவர்களுக்கு: அதன் எடையைத் தூக்கவே அந்தக் கூடுதல் மின்சாரத்தில் பெரும்பகுதி போய்விடும்.

சரி, பறக்க விடுவோம். மின்விசிறியை நிறுத்திவிட்டேன், திரைச்சீலையையும் மூடிவிட்டேன். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் ரிமோட் சொல்வது இதன் காதில் விழாது. ரிமோட் மீதே சந்தேகமா? கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் அதன் மூக்கைப் பாருங்கள், பெரும்பாலும் ஊதா ஒளி மின்னுவது தெரியும்.

சுவிட்சைப் போட்டாயிற்று... அட, இன்னும் மெதுவாகச் சுற்றுகிறது. இல்லை, தவறு என்னுடையது. கையில் தூக்கிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். உள்ளே இருக்கும் கைரோ, அதாவது உடல் திரும்புவதை உணரும் கருவி, முதல் சில நொடிகளில் எது அசையாத நிலை என்று கற்றுக்கொள்கிறது, நான் அசைத்தே காட்டிவிட்டேன். அணைக்கிறேன். தரையில் வைக்கிறேன். இப்போது சுவிட்ச். கையை எடுத்துவிட்டேன்.

எழுகிறது. தரையை ஒட்டி நிறுத்தாதீர்கள், தன் காற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். சட்டென்று இடுப்பு உயரத்துக்கு. திருப்பத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் ட்ரிம் குமிழில் இரண்டு சொடுக்கு... நின்றுவிட்டது. பாருங்கள், நிற்கிறது!

மூக்கு என்னைப் பார்க்கும்போது என் இடது அதன் வலது. புதியவர்கள் வாலைப் பார்த்தபடியே ஓட்டிப் பழகுங்கள். எதிலாவது மோதினால் முதல் வேலை, விசைக் குமிழை முழுவதும் இறக்குவது. இறக்கை சிக்கி நிற்கும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம்தான் அதையும் சுற்றுப் பலகையையும் எரிக்கும்.

பக்கவாட்டில் கொஞ்சம் நகர்கிறது. இதற்கு ட்ரிம் கிடையாது, இந்த வகையில் பக்கவாட்டுக் கட்டுப்பாடே இல்லை. கீழ் இறக்கை ஒன்றின் நுனி நெளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன், நாளை பையன் வருவதற்குள் மாற்றிவிடுவேன். அவனிடம் அந்த முடியைக் காட்ட வேண்டும், ஒட்டி வைத்திருக்கிறேன். இருங்கள், கூரைப் பக்கம் போகிறது, அங்கே போனால் ஒட்டிக்கொள்ளும், இறக்குகிறேன், இறக்குகிறேன்...