பேச்சா, படமா? படமே!

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் பக்கம் நாட்டின் மனத்தைத் திருப்பியது மேடைப் பேச்சா, புகைப்படமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அம்மா, மார்ட்டின் லூதர் கிங்கின் 'எனக்கொரு கனவு' உரையைச் சொல்லிக் கைதட்டலை அள்ளிவிட்டார். நானும்தான் தட்டினேன். ஆனால் அம்மா, தேதியைக் கொஞ்சம் பாருங்கள். அந்த உரை 1963 ஆகஸ்ட் 28. உரிமைச் சட்டம் கொண்டுவரப் போவதாக அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தது ஜூன் 11. கிங் கனவைச் சொல்வதற்கு இரண்டரை மாதம் முன்பே கென்னடியை உலுக்கி எழுப்பியது எது?

மே மாதம், அலபாமாவின் பர்மிங்ஹாம். கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் உரிமை கேட்டு ஊர்வலம் போகிறார்கள். நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் நாய்களை ஏவுகிறார், தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிடுகிறார். மே 3 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனப் படக்காரர் பில் ஹட்சன் எடுத்த படத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ்காரர் ஒரு கையால் ஒரு பையனின் ஸ்வெட்டரைப் பற்றியிருக்கிறார். மறு கையில் நாயின் வார். நாய் அவன் வயிற்றுக்குப் பாய்கிறது. பையன் முகத்தில் அலறல்கூட இல்லை. மறுநாள் அது நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. பார்த்துவிட்டு, வயிற்றைப் புரட்டுகிறது என்றார் கென்னடி.

"அந்தப் பையன் ஊர்வலத்திலேயே இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். படமும் பொய் சொல்லும்" என்றார் எதிரணித் தம்பி. வேடிக்கை பார்த்தவன்தான், சரி. சும்மா நின்றவன் மேலேயே நாய் பாய்ந்தது என்றால், தம்பி, நீங்கள் யார் கட்சிக்குப் பேசினீர்கள்?

அந்த ஊர் நாளிதழ் பர்மிங்ஹாம் நியூஸ் என்ன செய்தது தெரியுமா? தன் படக்காரர்களே எடுத்த படங்களில் ஏராளமானவற்றை அச்சிடவே இல்லை. போடாமல் விட்டால் விவகாரம் அடங்கிவிடும் என்று ஆசிரியர்கள் நினைத்ததாக, அங்கே வேலை பார்த்த படக்காரரே பின்னாளில் சொன்னார். பெட்டியில் கிடந்த நெகட்டிவ்கள் 2004இல் அங்கே பயிற்சிக்கு வந்த ஒருவர் கண்ணில் பட்டன. 2006இல்தான் வெளிவந்தன.

அப்புறம் மேமி டில். 1955இல் அவருடைய 14 வயது மகன் எம்மெட்டை மிசிசிப்பியில் வெள்ளையர்கள் சிதைத்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். சிகாகோவில் சவப்பெட்டியை மூட அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. முகத்தைப் படம் எடுக்கவிட்டார், ஜெட் இதழ் வெளியிட்டது. அவருக்குப் பேசத் தெரியாதா? பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்தான். முதலில் எதை நம்பினார் என்பதைத் தீர்ப்பு எழுதும்போது கணக்கில் வையுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.