கிலோமீட்டருக்கு வரி போடுங்கள், அதற்கு முன் கடைசி பஸ்ஸை விடுங்கள்

(நுகர்வோர் பாதுகாப்புக் குழுவின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, பந்தலையும் காபியையும் தன் செலவில் ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, மோட்டார் வாகன ஆய்வாளர் ஐயா அவர்களே, வரவே மாட்டார் என்று ஊரே சொன்ன பிறகும் வந்து மேடையில் அமர்ந்திருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் செயலாளரைக் கோபித்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "எரிபொருளுக்கு வரியா, ஓடிய தூரத்துக்கு வரியா?" நான்கு செய்தி சொல்லப் போகிறேன். வரி எப்படி வசூலாகிறது, அது யார் தலையில் விழுகிறது, வண்டியின் எடைக்கும் சாலைக்கும் என்ன கணக்கு, நாம் எங்கே போகிறோம் என்பதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நான்கும்.

முதலில் பெட்ரோல். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலால் வரியை இரண்டு ரூபாய் ஏற்றியபோது அது லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. அதில் அடிப்படைக் கலால் என்று பெயர் பெற்றது வெறும் 1 ரூபாய் 40 காசு. மாநிலங்களோடு பங்கிட வேண்டியது அந்த ஒன்று நாற்பதைத்தான். மற்றதெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்று டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் நம் மாநில வாட் வரி, 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். எல்லாம் கூட்டினால் அன்றைய கணக்கில் நாற்பது ரூபாய் தாண்டியது. சங்கடமான கணக்குதான். ஆனால் ஒரு நியாயமும் இதில் ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி, லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் போகும் பைக்காரர் கிலோமீட்டருக்கு எண்பது காசு சொச்சம் வரி கட்டினார். பதினைந்து போகும் கார்க்காரர் இரண்டரை ரூபாய்க்கு மேல் கட்டினார். யாரும் மீட்டர் பார்க்கவில்லை, பில் அனுப்பவில்லை. தூரத்துக்கும் வண்டிக்கும் ஏற்றபடி வரி அதுவாகவே பிரிந்துவிடுகிறது.

வசூலும் சுலபம். கோடிக்கணக்கான வண்டிகளின் பின்னால் ஓட வேண்டியதில்லை. விரல்விட்டு எண்ணும் எண்ணெய் நிறுவனங்களிடம் வாங்கினால் போதும். என் அம்மா அடிக்கடி சொல்வார்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பெட்ரோல் வரியில் அந்தச் சுமைகூலி கிடையாது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1919-லேயே கேலனுக்கு ஒரு சென்ட் என்று இதைத் தொடங்கியது. பிறகு உலகமே பிடித்துக்கொண்டது.

அதே ஓரிகன்தான் 2015-ல், விருப்பப்பட்டவர்கள் மைலுக்கு ஒன்றரை சென்ட் கட்டலாம் என்று புதுத் திட்டம் கொண்டுவந்தது. காரணம் உங்களுக்கே தெரியும், பேட்டரி வண்டி. பெட்ரோல் பங்க் பக்கமே போகாத வண்டியிடம் பெட்ரோல் வரி வாங்க முடியுமா? நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் 1978 முதலே ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராக முன்பணம் கட்டித்தான் ஓடுகின்றன. 2024 ஏப்ரல் முதல் மின்கார்களும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் கட்டுகின்றன. ஐஸ்லாந்தில் அதே ஆண்டு ஜனவரியில் மின்காருக்குக் கிலோமீட்டருக்கு ஆறு குரோனா. மீட்டர் காட்டுவதை வண்டிக்காரரே பதிவு செய்ய வேண்டும்.

வண்டிக்காரரே பதிவு செய்ய வேண்டும் என்றதும் எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பரவாயில்லை, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அக்கா கல்யாணம் பழனியில். வேன் வாடகை கிலோமீட்டர் கணக்கு. பெரியப்பாவுக்கு வேன் மீட்டர் மேல் நம்பிக்கை இல்லை, "அவன் மீட்டர் அவன் சொன்னதைக் கேக்கும்டா" என்றார். சட்டையின் இடப் பையில் ஒரு பிடி வறுத்த புளியங்கொட்டை போட்டுக்கொண்டார். சாலையோரம் ஒரு கிலோமீட்டர் கல் போனால் ஒரு கொட்டையை வலப் பைக்கு மாற்றுவார். வத்தலக்குண்டு வரை பிசகே இல்லை. பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள், சித்தப்பா கதை சொல்கிறார், எதற்கும் அசையவில்லை மனுஷன், ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருகிறார். செம்பட்டி தாண்டியதும் கண் அசந்தது. பக்கத்தில் என் அத்தை மகன், எட்டு வயசு. வறுத்த புளியங்கொட்டை வாசம் அவனைச் சும்மா விடுமா? வலப் பையில் கை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தான். ஒட்டன்சத்திரத்தில் பெரியப்பா விழித்துப் பார்த்தால் வந்த தூரத்தில் முக்கால்வாசி இவன் வயிற்றுக்குள் இருக்கிறது!

மண்டபத்து வாசலில் பஞ்சாயத்து. டிரைவர் ஒரு தொகை சொல்ல, பெரியப்பா கையில் மிஞ்சிய கொட்டையைக் காட்ட, "ஐயா, இந்தக் கணக்குப்படி நாம இன்னும் வத்தலக்குண்டையே தாண்டலை" என்றார் டிரைவர். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் மத்தியஸ்தத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காபி, பலகாரம், வெற்றிலைபாக்கு. கடைசியில் வித்தியாசப்பட்ட வாடகையைவிட மத்தியஸ்தச் செலவு அதிகம். அம்மா அப்போதும் அதையேதான் சொன்னார்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இன்றைக்குப் புளியங்கொட்டைக்குப் பதில் செயற்கைக்கோள். 2024 செப்டம்பரில் நெடுஞ்சாலைக் கட்டண விதியைத் திருத்தி, செயற்கைக்கோள் வழி கணக்கிடும் கருவி பொருத்திய வண்டிக்கு ஒரு நாளில் ஒவ்வொரு திசையிலும் முதல் 20 கிலோமீட்டர் இலவசம் என்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் பாஸ் வந்தது. தூரத்துக்குக் காசு என்று தொடங்கியவர்கள் சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு மொத்த விலைக்கு இறங்கி வந்துவிட்டார்கள். வாடகைக் காருக்கும் பஸ்ஸுக்கும் அந்தப் பாஸ் கிடையாது.

பஸ் என்றதும் மேலாளர் நிமிர்ந்து உட்கார்கிறார். ஐயா, உங்களைச் சொல்லவில்லை. 2025 ஜூலையில் கப்பலூர் உட்பட நான்கு சுங்கச்சாவடிகளில் அரசு பஸ்களை விடக்கூடாது என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. பிறகு அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது, அது வேறு. போக்குவரத்துக் கழகங்கள் வைத்திருந்த சுங்கப் பாக்கி 276 கோடி ரூபாய். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, ஐம்பது வண்டியைச் சாலைக்கு வராமல் தடுக்கிற ஒரு பஸ்ஸிடம் சாலைக்கு வாடகை கேட்கிறோம். சுமைகூலியைச் சுமப்பவனிடமே பிடுங்குகிற கதை!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தூரத்துக்கு வரி என்றால், அதிக தூரம் போகிறவர் யார்? நகரத்தில் வீடு வாங்க முடியாதவர்தான். எங்கள் ஊருக்கு இரவு ஒன்பதேகாலுக்கு ஒரு டவுன் பஸ் இருந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள், மில் இரண்டாம் ஷிப்டு, பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வீடு போய்ச் சேரும் வழி. கொரோனா ஊரடங்கில் நின்றது, திரும்ப வரவில்லை. நின்ற பிறகு வீட்டுக்கு வீடு தவணையில் பைக். மகளை அழைத்துவர அப்பா போய் வருகிறார். ஒரு ஆளின் பயணத்துக்கு இரண்டு ஆளின் தூரம். பஸ் இருந்தால் ஓடியே இருக்காத அந்தக் கிலோமீட்டருக்கு இன்றைக்குப் பெட்ரோல் வரி கட்டுகிறார், நாளைக்குத் தூர வரி கட்டுவார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று 2021-ல் அறிவித்தார்கள், கைதட்டினேன், இன்றும் தட்டுவேன். வராத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன செய்ய?

ஆகவே எங்கள் குழுவின் கோரிக்கை இது. தூர வரி எந்த ஆட்சியில் வந்தாலும், இரவுப் பஸ் இல்லாத ஊர்களின் இருசக்கர வண்டிகளுக்கு அது கூடாது. அரசுப் பேருந்துக்குச் சுங்கம் கூடாது. வசூலில் ஒரு பங்கு டவுன் பஸ்ஸுக்கு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஒன்பதேகால் பஸ் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே விடலாம்.

மணி அடித்துவிட்டார்கள். எடைக் கணக்கைச் சொல்லவில்லை. லாரி சாலையைத் தேய்ப்பதற்கும் ஸ்கூட்டர் தேய்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதை ஆய்வாளர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். கண்காணிப்பு பற்றி முதல்வர் அம்மையாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுவில் ஊர் மக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மேலாளர் அவர்களிடம் மேடையிலேயே தருகிறேன். ஐயா, எழுந்திருக்க வேண்டாம், இதோ வருகிறேன். நகலில் மட்டும் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.