சின்ன வேலைக்கும் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். நான் குடிநுழைவு ஏஜெண்டு இல்லை, வக்கீலும் இல்லை. பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாருக்குப் பக்கத்தில், சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி வருமான வரி பாரம் அனுப்பிக் கொடுப்பது என் தொழில். ஆனால் கனடா, ஆஸ்திரேலியா என்று குடியேறக் கிளம்புகிறவர்கள், முதலாளி கொடுத்த வருஷச் சம்பளக் கணக்கான பழைய இஏ பாரத்தையும் வரி கட்டிய தாள்களையும் தேடி என்னிடம் வந்துவிடுவார்கள். வந்த கையோடு, நிரப்பி வைத்திருக்கும் விண்ணப்பத்தையும் மேசையில் வைத்து, "ஒரு தடவை பார்த்துடுங்க அண்ணே" என்பார்கள். அதில் திரும்பத் திரும்ப என் கண்ணில் படுகிற ஒரு விஷயத்தை, சின்னச் சின்ன வேலைகளை எழுதாமல் விடுவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி ஒரு தங்கச்சி வந்தார். தாதியாக வேலை பார்ப்பவர். கனடாவுக்கு விண்ணப்பம். எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தார். ஆனால் 2019 மார்ச்சிலிருந்து 2020 ஜனவரி வரை ஒன்றுமே இல்லை. "இந்தப் பத்து மாசம் என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டேன். "குழந்தை பிறந்துச்சுண்ணே, வேலையை விட்டுட்டு சும்மா வீட்லதான் இருந்தேன்" என்றார். பேங்க் புத்தகத்தை எடுக்கப் பையைத் திறந்தபோது, கூடவே ஒரு 555 புத்தகமும் வெளியே வந்து விழுந்தது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, உள்ளங்கை அளவு, அதே புத்தகம்தான். திறந்து பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே தோள், கை, இடுப்பு, முன்கழுத்து இறக்கம் என்று அளவுகள். ஓரத்தில் கூலி 35 வெள்ளி, 40 வெள்ளி, அதாவது ரிங்கிட். தீபாவளி மாதத்தில் மட்டும் பதினெட்டுப் பக்கம். கொடுத்து முடித்த துணிக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு.

"இது என்னம்மா?" என்றேன்.

"அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைச்சுக் குடுத்தேன். அதெல்லாம் ஒரு வேலையாண்ணே?"

நேயர்களே, அந்தக் கேள்வி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. நம் வீடுகளில் வேலை என்றால் மாதச் சம்பளம், இபிஎப் என்ற சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, கழுத்தில் ஓர் அட்டை. மற்றதெல்லாம் "சும்மா". விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இடியாப்பம் பிழிந்து கடைக்குப் போடுவது சும்மா. சாயங்காலம் ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது சும்மா. கல்யாணத்துக்கு மேக்கப் போடுவதும், முறுக்கு ஆர்டர் எடுப்பதும், சனி ஞாயிறு கிராப் வாடகைக் கார் ஓட்டுவதும், திருவிழாவுக்கு உறுமி அடிப்பதும் அப்படித்தான். எத்தனையோ பிள்ளைகள் இந்தச் சும்மாவில்தான் படித்து மேலே வந்தார்கள். பாரத்தில் எழுதும்போது மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

கூச்சம் ஒருபுறம் இருக்கட்டும், விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கனடாவின் பாரம் கடந்த 10 ஆண்டுகளில், அல்லது 18 வயது ஆனதிலிருந்து, இதில் எது பிந்தியதோ அதிலிருந்து இடைவெளியே இல்லாமல் எழுதச் சொல்கிறது. படித்தீர்களா, வேலை தேடினீர்களா, வீட்டில் இருந்தீர்களா, அதையும் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் 80ஆம் எண் பாரம் என்று ஒன்று உண்டு. அது சம்பளமில்லாத வேலை, சுயதொழில், வேலை இல்லாத காலம் எல்லாவற்றையும் கேட்கிறது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் கனடா 5 ஆண்டு கதவை மூடுகிறது. 2014க்கு முன்பு அது 2 ஆண்டுதான். ஆஸ்திரேலியாவில் 4020 என்ற விதியின் கீழ் 3 ஆண்டு. முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடுவதும் தவறான தகவலாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

எனக்கு இது அனுபவத்தில் வந்த பாடம். பல வருஷங்களுக்கு முன்பு நானும் மனைவியும் வெளிநாடு போக விண்ணப்பித்தோம். அப்போது நான் ஒரு கம்பெனியில் கணக்கர். ஞாயிற்றுக்கிழமை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பாத்திரக்கடை போடுவேன். எங்கள் ஏஜெண்டு, "அதையெல்லாம் எழுதாதீங்க, கேள்வி வரும்" என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அனுப்பிய பேங்க் கணக்கில் திங்கட்கிழமைதோறும் 300 வெள்ளி, 400 வெள்ளி ரொக்கமாகப் போட்டிருந்தேன். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. உண்மையை எழுதினேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏஜெண்டு அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. பாத்திரம் விற்றதில் ஒரு தப்பும் இல்லை, மறைத்ததுதான் தப்பாகப் போனது.

இன்னொரு குழப்பமும் உண்டு. புள்ளிக்காக, அதாவது விண்ணப்பத்துக்கு அவர்கள் போடும் மதிப்பெண்ணுக்காகக் காட்டும் வேலை வேறு, வாழ்க்கை வரலாறாக எழுதும் வேலை வேறு. ஆஸ்திரேலியா புள்ளி கொடுக்க வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேர வேலை வேண்டும். கனடாவில் முழுநேரம் என்றால் வாரத்துக்கு 30 மணி, வருஷத்துக்கு 1,560 மணி. அதே தொழிலில் வாரத்துக்கு 15 மணி வீதம் 2 வருஷம் பார்த்திருந்தாலும் அந்தக் கணக்கு நிறையும். இந்த அளவுக்கு எட்டாத வேலைக்குப் புள்ளி கிடைக்காது, சரி. ஆனால் வரலாற்றுப் பகுதியில் அதற்கு இடம் உண்டு. "புள்ளி இல்லையே, எதுக்கு எழுதணும்" என்று விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இதற்கு நேர்மாறாக, புள்ளிக்கு ஆசைப்பட்டு வாரத்துக்கு எட்டு மணி நேர டியூஷனை முப்பது மணி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து.

சரி, ஆதாரத்துக்கு எங்கே போவது? இபிஎப் கணக்கறிக்கையில் எந்த மாதம் எந்த முதலாளி பணம் போட்டார் என்பது தெரியும். பாரத்தைத் தொடும் முன்னால் அதை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் மறந்துபோன இரண்டு மாத வேலைகூட அதில் இருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கத்திய வருமான வரி நோட்டீஸ் உதவும். கம்பெனி மூடிவிட்டால், 1960ஆம் ஆண்டு சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஒரு பிரமாணம் எழுதிக் கையெழுத்திடலாம். அது தனியாக நிற்காது, சம்பளச் சீட்டோ பழைய சக ஊழியரின் கடிதமோ கூட இருந்தால் பலம். வேலைக் கடிதம் வாங்கும்போது பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்ன வேலை செய்தீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். "இவர் நல்லவர், நன்றாக உழைத்தார்" என்று இரண்டு வரி எழுதி வாங்கி வந்தால் பிரயோஜனமில்லை.

பயத்துக்கு வருவோம். "பக்க வருமானத்துக்கு வரி கட்டலையே அண்ணே" என்பார்கள். அதற்கு மறைப்பது வழியல்ல, முதலில் வரிக் கணக்கைச் சரிசெய்யுங்கள். சம்பளம் மட்டும் இருந்தால் பிஇ பாரம், தொழில் வருமானம் இருந்தால் பி பாரம். விட்டுப்போனதை வரி வாரியம் தேடி வருவதற்கு முன்னால் நாமே போய்ச் சொன்னால் அபராதம் குறையும். அரசாங்க ஊழியர்களுக்கு வேறு சிக்கல். 1993ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, வெளிவேலைக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் செய்திருந்தால் ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்காமல் பொய் எழுதிவிடாதீர்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டேன், ஒரு வேலை விட்டுப்போயிற்று என்கிறவர்கள் இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். குடிநுழைவு அதிகாரிகள் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் அதற்கென்றே 1023ஆம் எண் பாரம் இருக்கிறது. கனடாவுக்கு அவர்களின் இணையப் பாரம் வழியாகத் திருத்தம் அனுப்பலாம். நான் கடிதம் வரும்வரை காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள்.

அந்தத் தங்கச்சி என் மேசையில் உட்கார்ந்தபடியே அந்தப் பத்து மாதத்தை நிரப்பினார். சுயதொழில், தையல், பட்டர்வொர்த். எழுதிவிட்டு 555 புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுக்கக் கொடுத்தார். அதில் பெயர் இருக்கும் இரண்டு அக்காமார்களிடம் கடிதம் வாங்க, மறுநாள் காலையிலேயே போவதாகச் சொன்னார்.

வணக்கம்.