குரோஸ் கைகாட்டிய இடம்

மேசை தெரிகிறதா? கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்க்கிறேன்... ம், இப்போது சரி. இந்த எவர்சில்வர் டம்ளர்தான் ரியல் மாட்ரிடின் ஜெர்மன் நடுக்கள வீரர் டோனி குரோஸ். அந்தக் கண்ணாடி கிளாஸ் அதே அணியின் முன்கள வீரர் வினிசியஸ். கிளாஸை ஒட்டி நிற்கிற உப்பு டப்பா, பயர்ன் மியூனிக்கின் டிஃபெண்டர் கிம் மின்ஜே. 2024 ஏப்ரல் 30, மியூனிக்கில் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம். 24வது நிமிடம்.

பந்து டம்ளரிடம் இருக்கிறது. கிளாஸ் பந்தை வாங்குவது போல முன்னால் வருகிறது. உப்பு டப்பாவும் பின்னாலேயே வருகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் இப்போது பெரிய காலி இடம், பாருங்கள். குரோஸ் கையை நீட்டி, "அங்கே ஓடு" என்பது போலக் காட்டுகிறார். அடுத்த நொடி பந்து அந்தக் காலி இடத்துக்குப் போகிறது. வினிசியஸ் திரும்பி ஓடி வந்து கோல் போடுகிறார். பாஸ் கொடுத்தபோது அங்கே யாருமே இல்லை. ஆள் இருக்கும் இடத்துக்குப் பந்து போடுவது நமக்கும் தெரியும். இவர் இடத்தைக் காட்டிவிட்டு ஆளை அங்கே ஓட வைத்தார்.

நானும் பல வருடம் இவரைக் கிண்டல் செய்தவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தால், இந்த மனிதர் பந்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் தள்ளிக்கொண்டிருப்பார். தூக்கம் வரும். ஜெர்மனியிலேயே இவருக்கு 'க்வெர்பாஸ் டோனி' என்று பட்டப்பெயர் உண்டு. க்வெர்பாஸ் என்றால் குறுக்கே போடும் பாஸ். முன்னால் போடத் தெரியாதவர் என்று குத்திக்காட்டும் பெயர்.

ஆரம்பத்துக்குப் போகலாம். 1990 ஜனவரி 4, கிரைஃப்ஸ்வால்ட் என்ற வடக்குக் கடலோர ஊரில் பிறந்தார். தேதியைக் கவனியுங்கள். பெர்லின் சுவர் விழுந்தது 1989 நவம்பரில். இரண்டு ஜெர்மனியும் ஒன்றானது 1990 அக்டோபரில். நடுவில் உள்ள அந்தச் சில மாதங்களில், கலையப்போகும் கிழக்கு ஜெர்மனியின் குடிமகனாக இவர் பிறந்திருக்கிறார். 2014 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர் இவர் ஒருவர்தான். அம்மா பேட்மின்டன் வீராங்கனை, அப்பா ரோலண்ட் கால்பந்துப் பயிற்சியாளர். தம்பி பெலிக்ஸும் கால்பந்து வீரர்தான். உள்ளூர் கிளப், அப்புறம் ஹான்சா ரோஸ்டாக், அப்புறம் 16 வயதில் பயர்ன் மியூனிக்.

2007ல் தென் கொரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஜெர்மனி மூன்றாம் இடம்தான், ஆனால் சிறந்த வீரர் விருது குரோஸுக்கு. அதே செப்டம்பரில் காட்புஸ் அணிக்கு எதிராக பயர்ன் சட்டையில் மாற்று வீரராக இறங்கினார். கிடைத்தது கடைசி இருபது நிமிடம் கூட இல்லை. அதற்குள் குளோஸே போட்ட இரண்டு கோல்களுக்குப் பாஸ் கொடுத்துவிட்டார். இவ்வளவு செய்த பையனுக்கு நிரந்தர இடம் கிடைத்ததா என்றால், இல்லை. 2009 ஜனவரியில் பேயர் லெவர்குசனுக்குக் கடனாக அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் அங்கே தேறிவிட்டுத்தான் திரும்பினார். 2013ல் பயர்ன் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் அள்ளிய பருவத்தில், யுவென்டஸுக்கு எதிரான காலிறுதியில் காயம் பட்டு, இறுதி ஆட்டங்களை வெளியில் உட்கார்ந்து பார்த்தார்.

2014 ஜூலை 8, பெலோ ஹொரிசாண்டே. பிரேசிலுக்கு எதிரான 7-1. குரோஸ் 69 நொடி இடைவெளியில் இரண்டு கோல் போட்டார். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். முதல் கோலுக்குப் பிறகு பிரேசில் பந்தை மறுபடி ஆட ஆரம்பித்ததுமே பெர்னாண்டினியோவின் காலிலிருந்து அவரே பறிக்கிறார், கெதிராவிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிப் போடுகிறார். தூக்கம் வரவைக்கிற ஆள் என்று நான் சொன்னேனே, அதே ஆள்.

ஐந்து நாள் கழித்து மரகானாவில் அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதி ஆட்டம். இருபதாவது நிமிடத்தை ஒட்டி, பின்னால் இருக்கும் தன் ஆட்களுக்கு என்று நினைத்துத் தலையால் ஒரு பந்தைத் தள்ளினார். அது நேராக ஹிகுவாயின் காலுக்குப் போனது. எதிரில் கோல்கீப்பர் மட்டும்தான். ஹிகுவாயின் வெளியே அடித்தார். அது உள்ளே போயிருந்தால் 69 நொடியை யாரும் பேசியிருக்க மாட்டார்கள், அந்தத் தலைப்பந்தைத்தான் பேசியிருப்பார்கள். கூடுதல் நேரத்தில் கோட்ஸே கோல் போட்டார், கதை மாறியது.

கோப்பை வென்ற சில நாட்களிலேயே பயர்ன் இவரை விற்றது. சம்பளத்தில் உடன்பாடு வரவில்லை, ஒப்பந்தத்திலும் ஒரு வருடம்தான் மிச்சம். ரியல் மாட்ரிட் கொடுத்தது சுமார் 25 மில்லியன் யூரோ. உலக சாம்பியன் ஒருவருக்கு, அதுவும் 24 வயதில்! பழைய பேப்பர் விலை.

மாட்ரிடின் நடுக்களத்தில் காசெமிரோ, மோட்ரிச், குரோஸ். பந்தைப் பறிக்க ஒருவர், சுமந்துகொண்டு ஓட ஒருவர், எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஒருவர். 2016, 2017, 2018 என்று தொடர்ச்சியாக மூன்று சாம்பியன்ஸ் லீக், பிறகு 2022, 2024. பயர்னில் வாங்கியதையும் சேர்த்து ஆறு. ஸ்பெயின் லீக்கான லா லிகா நான்கு. கோல் கணக்கை வைத்து மட்டும் பார்த்தால் இவருடைய வேலை கண்ணில் படாது. இடது பக்கம் டிஃபெண்டர்களுக்கு நடுவே இறங்கி வந்து பந்தை வாங்குவார். இடது ஓர டிஃபெண்டர் மேலே ஓடிவிடுவார். எதிரணி குரோஸை நோக்கி வந்தால் பின்னால் இடம் திறக்கும், வராவிட்டால் நாற்பது மீட்டர் தாண்டி வலது பக்கம் பந்து பறக்கும். நாம் சலிப்பு என்று நினைத்த குறுக்குப் பாஸ், எதிராளியை அசைத்துப் பார்க்கும் தூண்டில்.

எல்லாமே சரியாகப் போய்விடவில்லை. 2018 உலகக் கோப்பை, சோச்சியில் ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டம். மெக்சிகோவிடம் ஏற்கெனவே தோற்றாயிற்று. குரோஸ் போட்ட ஒரு பாஸ் தவறிப்போய், ஸ்வீடனின் டோய்வொனென் கோல் போட்டார். ஆயிரம் பாஸில் தவறும் ஒன்று, அன்றைக்குப் பார்த்துத் தவறியது. ராய்ஸ் சமன் செய்தார், போவாடெங் சிவப்பு அட்டை வாங்கினார், பத்து பேர். 95வது நிமிடம் இடது ஓரத்தில் ஃப்ரீ கிக். கோணமே இல்லாத இடம், கிராஸ் போடுவார் என்றுதான் நினைத்தேன். ராய்ஸிடம் லேசாகத் தட்டினார், அவர் நிறுத்தி வைத்தார், குரோஸ் வலது காலால் தூர மூலைக்குள் வளைத்து விட்டார். ஆட்டம் முடிந்ததும் அந்த முதல் கோல் என் தவறுதான் என்று நேராகச் சொல்லவும் செய்தார். நான்கு நாள் கழித்துத் தென் கொரியாவிடம் தோற்று ஜெர்மனி ஊருக்குத் திரும்பியது வேறு விஷயம்.

2021ல் ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பையில் இங்கிலாந்திடம் தோற்றபின் தேசிய அணியிலிருந்து விலகினார். இவர் ஆட்டத்துக்குக் காலம் முடிந்துவிட்டது என்று ஜெர்மனியில் பெரிய மனிதர்களே பேசினார்கள். பிறகு 2024ல் பயிற்சியாளர் நாகெல்ஸ்மான் கூப்பிட்டார். திரும்பி வந்த முதல் ஆட்டம், லியோனில் பிரான்சுக்கு எதிராக. ஆட்டம் தொடங்கியதும் குரோஸ் முன்னால் ஒரு பாஸ் போட்டார், விர்ட்ஸ் கோல் அடித்தார். ஏழு நொடிகளில்! குறுக்கே மட்டும் போடுகிறவராம்.

அந்த மே மாதம், யூரோ முடிந்ததும் ஓய்வு என்று அறிவித்தார். 34 வயது, ரியல் மாட்ரிடின் முதல் பதினொருவரில் இருக்கும் ஆள். கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. வெம்ப்ளியில் டார்ட்மண்ட் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர் எடுத்த கார்னரைத்தான் கார்வகால் தலையால் முட்டிக் கோலாக்கினார். யூரோவின் முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 102 பாஸ் போட்டதில் 101 சரியாகப் போய்ச் சேர்ந்தன. அந்த ஒன்று எது என்று தேடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், வேறு வேலை இல்லை பாருங்கள்.

கடைசி ஆட்டம் அழகாக இல்லை. ஜூலை 5, ஸ்டுட்கார்ட், ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதி. ஆரம்பத்திலேயே குரோஸ் மோதியதில் பெட்ரி காயம் பட்டு வெளியே போனார், பிறகு குரோஸ் அவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கூடுதல் நேரம் முடியப்போகும்போது 119வது நிமிடத்தில் ஸ்பெயினின் மெரினோ தலையால் முட்டினார், 2-1. வருடக்கணக்காக மாற்றாமல் போட்ட அதே மாடல் வெள்ளை பூட்ஸோடு குரோஸ் வெளியே வந்தார். 114 சர்வதேச ஆட்டங்கள், அத்தோடு முடிந்தது.

அந்த மியூனிக் பாஸை வீடியோ ஓரத்தில் மறுபடி போடுகிறேன். பந்தைப் பார்க்காதீர்கள், குரோஸின் கையைப் பாருங்கள். உப்பு டப்பாவை அடுக்களையில் தேடுகிறார்கள், நான் கொடுத்துவிட்டு வருகிறேன்.